பந்து டீம நிறுத்துனப்போ நானும் கையெழுத்து போட்டேன்

2016 மார்ச்ல ஒரு மத்தியானம், நான் பாடம் எடுக்குற காலேஜ்ல ஒரு தீர்மானத்துல கையெழுத்து போட்டேன். அடுத்த வருஷத்துல இருந்து ஃபுட்பால் டீம் வேண்டாம், அந்த காச லேபுக்கும் லைப்ரரிக்கும் திருப்பிக்கலாம், இதுதான் தீர்மானம். கமிட்டில ஏழு பேரு, அதுல பந்து விளையாடுனவன் நான் ஒருத்தன்தான், மத்தவங்க எல்லாம் எனக்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுதான் பேனாவ எடுத்தாங்க. நான் வேலைக்கு சேந்து அஞ்சாறு வருஷம்தான் ஆகிருந்துச்சு, சீனியர்ஸ் எல்லாம் இருக்காங்க, நாம என்னத்த பேசன்னு நெனச்சு போட்டுட்டேன். அரசு காசுல ஓடுற காலேஜும் யுனிவர்சிட்டியும் பந்துக்கு செலவழிக்கணுமா வேண்டாமான்னு இப்பமும் பல இடத்துல பேச்சு ஓடுது, போன மாசம் ரெண்டு காலேஜ்ல இருந்து என்கிட்டயே கேட்டாங்க, போன்ல பாதி சொல்லி பாதி விட்டுப்போச்சு, அதனால முழுசா எழுதிப் போடுறேன். காலேஜ் பேரு வேண்டாம், இப்பமும் நான் அங்கதான் இருக்கேன்.

எனக்க ஊரு கன்னியாகுமரி ஜில்லால, தேங்காப்பட்டணம் முகத்துவாரத்துக்கு மேக்க, இரயுமன்துறைல இருந்து நீரோடி வரைக்கும் வரிசையா இருக்குற எட்டு ஊர்ல ஒண்ணு. ஒரு பக்கம் கடல், இந்தப் பக்கம் ஏ.வி.எம். கால்வாய், நடுவுல உள்ள கொஞ்ச எடத்துல வீடுங்க நெருக்கி நெருக்கி. நீரோடி தாண்டுனா பொழியூர், அங்க இருந்து கேரளா. ஆம்பளைங்களுக்கு ஆழ்கடல் மீன்பிடி தொழில், போட்டு, அதான் படகு, பெரும்பாலும் கொச்சில இருந்து போகும், போனா வர மாசம் ஆகும். பந்து எங்களுக்கு மணல்லதான். மணல்ல பந்து உருளாது, அதனால தூக்கி தூக்கிதான் பாஸ் குடுப்போம், காலேஜ் வந்த மொத மாசம் பூரா பி.டி. சார் என்னப் பாத்து கத்துனது ஒரே வார்த்ததான், "தரைல போடுலே, தரைல!"

இத படிக்கிற மேட்டுப்பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், இது தெரியாம எங்க பக்கத்து ஃபுட்பால பத்தி பேசவே முடியாது. நம்ம மேற்கு கடற்கரைல ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், இப்பம் 61 நாள், நான் படிக்க சேர்ற காலத்துல 45 நாள். அப்பா, அண்ணன், மாமா எல்லாரும் ஊர்ல இருப்பாங்க, சாயங்காலம் ஆனா கடப்புறம் பூரா பந்து, ராத்திரி லைட் போட்டு செவன்ஸ் டோர்னமெண்டு, பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுறது. அதே நேரத்துலதான் பிளஸ் டூ முடிச்ச பையன் மார்க் ஷீட்ட கைல வச்சுட்டு நிப்பான், அதே நேரத்துலதான் காலேஜ் அட்மிஷனும். தடை முடிஞ்ச அன்னைக்கு போட்டு எறங்கிரும். அதுக்குள்ள அவன் பேரு காலேஜ் ரெஜிஸ்டர்ல ஏறலைன்னா அவன் போட்டுல ஏறிருவான், மொத ட்ரிப் போய் பங்கு காசு கைல வாங்கிட்டான்னா பெறவு யார் கூப்பிட்டாலும் கிளாஸ்ல வந்து உக்கார மாட்டான். நான் கண்ணால பாத்தத சொல்றேன், எங்க தெருவுலயே எத்தன பேரு.

என்ன காலேஜுக்கு கொண்டு வந்தது ஒரு பி.டி. சார். 2003 ஜூலைல பழைய ஸ்கூட்டர்ல வந்து மணல் ஓரத்துல நின்னு மூணு நாள் எங்க ஆட்டத்த பாத்தாரு, ஒண்ணும் பேசல. நாலாவது நாள் பைல அப்ளிகேஷன் ஃபார்மோட வீட்டுக்கே வந்துட்டாரு. அம்மா அப்பம்தான் மீன் வித்துட்டு வந்து திண்ணைல காலு நீட்டி இருந்தா, மீன் சட்டி பக்கத்துல கவுத்தி வச்சிருக்கு. சார் படிப்ப பத்தி எல்லாம் சொன்னாரு, அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சாரே, பஸ்ஸுக்கு யாரு தருவா?"ன்னா.

"மேட்ச் அன்னைக்கு காலேஜ் தரும்மா. மத்த நாளு நீங்கதான் பாக்கணும்."

"சாயங்காலம் பந்து வெளயாண்டுட்டு வெறும் வயித்தோடயா வருவான்?"

"ரெண்டு முட்டையும் மட்டிப்பழமும் உண்டும்மா, தெனமும்."

அம்மா வெரல மடக்கி என்னமோ கணக்கு பாத்தா, பெறவு என்னப் பாத்து, "செரி, போ மக்களே"ன்னா. அவ்ளோதான் எனக்க அட்மிஷன். அந்த ரெண்டு முட்டையும் மட்டிப்பழமும் வந்தது எங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் ஃபண்ட்ல இருந்து. பூட்ஸ் ஸ்டோர் ரூம்ல கெடந்த பழசு, எட்டு சைஸ், எனக்க காலு ஏழு, ரெண்டு சாக்ஸ் மாட்டி மூணு வருஷம் ஓட்டுனேன்.

நான் பெரிய பிளேயர் ஒண்ணும் கெடையாது. ரைட் பேக். ஒரு வருஷம் யுனிவர்சிட்டி டீம்ல எடுத்தாங்க. இது எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன், மொதல்ல காலேஜுங்களுக்குள்ள டோர்னமெண்டு, அதுல நல்லா ஆடுனவங்கள செலக்‌ஷன் வச்சு எடுத்து, கேம்ப் போட்டு, யுனிவர்சிட்டி டீம்னு சவுத் ஸோனுக்கு, அதாவது தென்னிந்திய யுனிவர்சிட்டிங்களுக்குள்ள நடக்குற டோர்னமெண்டுக்கு அனுப்புவாங்க. காலேஜ் டீம் செலவு காலேஜுக்கு, யுனிவர்சிட்டி டீம் செலவு யுனிவர்சிட்டிக்கு. ஒவ்வொரு புள்ளயும் கட்டுற ஃபீஸ்ல ஸ்போர்ட்ஸ்னு ஒரு சின்ன தொகை இருக்கும்லா, பெரும்பாலும் அதுல இருந்துதான் இதெல்லாம் ஓடுது. சவுத் ஸோன்ல கேரளா டீமுங்க வந்து நின்னா தெரியும் நமக்கு, கோழிக்கோடு யுனிவர்சிட்டி எல்லாம் ஆல் இந்தியா பல தடவ அடிச்ச டீமு. நாங்க சீக்கிரமே வெளிய வந்துட்டோம். ஆனா அந்த டோர்னமெண்டுல எறங்குனதுக்கு ஒரு பேப்பர் குடுப்பாங்க, ஃபார்ம் 3ன்னு. அந்த பேப்பர பத்தி பெறவு சொல்றேன், நெறைய பேரு தொலைக்கிறதே அதத்தான்.

இப்பம் 2016க்கு வாறேன். நிறுத்தணும்னு சொன்னவங்க சொன்ன காரணம் எல்லாம் சும்மா சொன்னது கெடையாது, அத மறைச்சா நான் நேர்மையா எழுதுனதா ஆவாது. நாலு வருஷமா குவார்ட்டர் ஃபைனல் தாண்டல. டீம்ல பாதி பேருக்கு அரியர். ஒரு சீனியர் மேடம் கேட்டாங்க, "நம்ம காலேஜ்ல பாதிக்கு மேல பொம்பளப் புள்ளைங்க, அவங்களும்தான் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் கட்டுறாங்க, அந்த காசுல இருபது பையங்க பந்து ஆடுறது எந்த ஊரு நியாயம்?"னு. அதுக்கு அந்த ரூம்ல யாருகிட்டயும் பதில் இல்ல. எனக்கு தெரிஞ்சு டீமுக்கு எதிரா சொல்லக்கூடிய வாதத்துல ரொம்ப கனமான வாதம் அதுதான், செலவு கணக்கெல்லாம் அதுக்கு பெறவு.

இன்னொண்ணும் என் வாய கட்டுச்சு. அதுக்கு முந்துன வருஷம் நான்தான் டீம் மேனேஜரா போயிருந்தேன். எங்க சென்டர் பேக் பையன் ஹெட் பண்ண எழும்புனவன் எறங்கும்போது வலது காலு மண்ணுல மாட்டி ஒடம்பு மட்டும் திரும்பிச்சு, லைனுக்கு வெளிய நின்ன எனக்கே சத்தம் கேட்டுச்சு. கைல ஐஸ் கூட இல்ல, பக்கத்து பெட்டிக்கடைல ஓடிப்போய் கூலிங்கா இருந்த ரெண்டு சோடா பாட்டில வாங்கி முட்டுல வச்சோம். வீட்ல நேரா ஒரு வர்ம ஆசான்கிட்ட கொண்டு போனாங்க, நம்ம ஜில்லால முட்டு, தோளு எதுன்னாலும் மொதல்ல ஆசான்தான. அந்த ஆசான் நல்ல மனுஷன். பையன படுக்க வச்சு முட்ட மடக்கி, கீழ உள்ள எலும்ப ரெண்டு கையால பிடிச்சு மெல்ல முன்னால இழுத்து பாத்தாரு, பெறவு நல்ல காலையும் அதே மாதிரி இழுத்து பாத்தாரு, எண்ணெய் போடவே இல்ல. "இது எனக்க கைல நிக்காது, உள்ள நாரு அறுந்து போச்சு, படம் எடுத்து ஆஸ்பத்திரில காட்டுங்க"ன்னுட்டாரு. ஸ்கேன் எடுத்தப்போ ஏ.சி.எல்.னு சொல்ற முட்டுக்குள்ள உள்ள நாரு முழுசா போயிருக்கு. ஆபரேஷனுக்கு அவங்க அம்மா நகை அடகுக்கு போச்சு. காலேஜ் கைல இருந்து அதுக்கு ஒண்ணும் வரல, அப்படி ஒரு தலைப்பே பட்ஜெட்ல கெடையாது. ஆனா அந்த வருஷம் டீமுக்கு புது ட்ராக் சூட் உண்டு, டோர்னமெண்டு தொடக்க விழாவுக்கு பந்தல் உண்டு, சால்வை உண்டு, கெஸ்ட்டுக்கு ஷீல்டு உண்டு. புள்ளைங்க முட்டுக்கு உதவாத ஒரு டீம நாம எதுக்கு நடத்துறோம்னு எனக்கு மனசு விட்டுப்போச்சு, அதனாலதான் அன்னைக்கு பேசாம இருந்தேன். காசு இல்லாம அந்த பையன் கஷ்டப்படல, காசு வேற எடத்துக்கு போனதாலதான் கஷ்டப்பட்டான்னு எனக்கு வெளங்க ரெண்டு வருஷம் ஆச்சு.

நிறுத்துன காசுல லேபுக்கு கம்ப்யூட்டர் வந்துச்சு, அது நல்லாத்தான் உபயோகப்பட்டுச்சு. கிரவுண்டுல ஒரு மழைலயே தொட்டாவாடி மண்டிச்சு, கோல் போஸ்டுக்கு கீழ பைக் நிறுத்த ஆரம்பிச்சாங்க.

நான் காமர்ஸ் டிபார்ட்மெண்ட், ஃபர்ஸ்ட் இயர் அட்டெண்டன்ஸ் எனக்க கைலதான். வருஷா வருஷம் கடற்கரை ஊர்ல இருந்து ஒம்போது, பத்து புள்ளைங்க வரும். 2016 ஜூன்ல மூணு. அடுத்த வருஷம் நாலு. மொதல்ல எனக்கே புரியல, ஏன்னா அந்த பத்துல பந்து விளையாடுறவன் ரெண்டு மூணு பேருதான் இருப்பான். பெறவு பழைய பசங்கள்ட்ட கேட்டப்போதான் வெளங்குச்சு, பிளேயர் ஒருத்தன் சேந்தா அவன் கூட்டாளி ரெண்டு பேரு சேருவான், அவனுக்க தங்கச்சிய அடுத்த வருஷம் வீட்ல தைரியமா அனுப்புவாங்க, காலைல பஸ்ல அஞ்சாறு பேரா வரலாம், ஃபீஸ் கட்ட லேட்டானா பி.டி. சார் போய் ஆபீஸ்ல சொல்லுவாரு. எங்க ஊருக்கும் காலேஜுக்கும் நடுவுல இருந்த ஆளு அந்த பி.டி. சார்தான், அவருக்கு எங்க ஊருக்கு வர காரணமா இருந்தது பந்து. அத நிறுத்துனதும் அவரு வாறதுக்கு ஒரு வேலையும் இல்லாம போச்சு.

2016 ஜூன் கடைசில ஒரு பையன் ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான். ஒல்லியா இருப்பான், லெஃப்ட் விங், தடைக்கால டோர்னமெண்டுல நானே பாத்திருக்கேன், எடது காலுல க்ராஸ் போட்டா அளந்து வச்ச மாதிரி விழும். "சார், டீம் உண்டா?"ன்னு கேட்டான். இல்லன்னேன். "அப்பம் செரி சார்"னு போயிட்டான். வேற ஒரு வார்த்த இல்ல. நான் அவன உக்கார வச்சு, டீம் இல்லன்னாலும் சேருன்னு சொல்லிருக்கணும், சொல்லல. ஆகஸ்ட்ல அவன் மாமா போட்டுல போயிட்டான்னு கேள்விப்பட்டேன்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல். நம்ம ஜில்லால அத பத்தி யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், எங்க பக்கத்து எட்டு ஊர்லயும் எழவு விழாத தெரு இல்ல. அந்த பையன் போன போட்டுல இருந்து ஒரு தகவலும் இல்ல. நான் தெனமும் காலைல காலேஜ் போறதுக்கு முன்ன அவங்க வீட்டு வழியா போவேன், உள்ள போக மாட்டேன், வாசல்ல இருக்குற ஆளுங்க மூஞ்சிய பாத்துட்டு அப்படியே போயிருவேன். எட்டாவது நாளோ ஒம்பதாவது நாளோ போன் வந்துச்சு, போட்டு மகாராஷ்டிரால தேவ்கட் துறைமுகத்துல கரை ஏறிருச்சுன்னு. அவன் வந்தப்போ போய் பாத்தேன், உள்ளங்கை ரெண்டும் கயிறு அறுத்து தோலு உரிஞ்சு கெடந்துச்சு. காலேஜ்ல சேருறியான்னு அப்பம் கேட்டேன். "இனி எங்க சார், போட்டுக்கு எடுத்த கடன் கெடக்கு"ன்னான். கடற்கரை அட்மிஷன் கொறஞ்சதுக்கு பந்து மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஃபீஸ் உண்டு, கடன் உண்டு, 2018ல ஒக்கியே ஒரு காரணம். ஆனா 2016ல ஒக்கி இல்லல்லா.

2018ல திரும்ப ஆரம்பிச்சோம். இந்த தடவ நான் பேசுனேன், பேப்பரோட போய் பேசுனேன், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர கொண்டு போய் மேசைல விரிச்சு வச்சேன். பந்து நல்லது, ஒழுக்கம் வரும், ஒற்றுமை வரும்னு எல்லாம் பேசுனா எந்த கமிட்டிலயும் எடுபடாது, அத கேட்டு கேட்டு அவங்களுக்கு அலுத்துருக்கும். டீம் இருந்தப்போ எந்த ஊர்ல இருந்து எத்தன பேரு சேந்தாங்க, எத்தன பேரு டிகிரி முடிச்சாங்க, இத உங்க காலேஜ் ரெஜிஸ்டர்ல இருந்து நீங்களே எண்ணி எடுங்க, வேற எங்கயோ உள்ள கணக்கு வேண்டாம். யாராவது உங்க டீம நிறுத்தப் போறாங்கன்னா மொதல்ல செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்தது காசு போற வரிசை. நாங்க இப்பம் வச்சிருக்க வரிசைல மொதல்ல வைத்தியம். சீசன் தொடங்குறதுக்கு முன்ன எல்லா புள்ளைங்களுக்கும் விபத்து இன்சூரன்ஸ், அப்புறம் பழைய பிளேயர்ஸ் போடுற காச தனி அக்கவுண்ட்ல வச்சு ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும். அந்த அக்கவுண்ட்ல இருந்து ஒரு சால்வை கூட வாங்கக்கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கோம். ரெண்டாவது கிரவுண்டு, கல்லு பொறுக்கி, குழி நெரவி, தண்ணி விட்டு. மூணாவது முட்டையும் பழமும். பெறவு பஸ், ரெஃப்ரீ காசு. ஜெர்சி கடைசி. ரெண்டு வருஷம் ஒரே ஜெர்சிதான், நம்பர் பிரிஞ்சு வந்தா தச்சுப்போம்.

கோல் வலைய பத்தி சொல்லியே ஆவணும். கடைல கேட்டா ஒரு வெல சொன்னாங்க, எனக்கு தல சுத்திருச்சு. ரைட் விங் பையனுக்க தாத்தா கேள்விப்பட்டு, "நம்ம ஊர்ல இருந்துட்டு வலைய காசு குடுத்தா வாங்குவாவ?"ன்னு கேட்டுட்டு, போஸ்ட்டுக்க நீளம் ஒசரம் கேட்டாரு, எட்டடி ஒசரம், எட்டு கஜம் அகலம்னு சொன்னேன், பந்து எவ்ளோ பெருசுன்னு கேட்டு ஒரு பந்த வாங்கி கைல உருட்டி பாத்தாரு. தடைக்காலம்தான, அஞ்சாறு பெரியவங்க சேந்து பழைய நைலான் நூலு, வலையூசி வச்சு நாலு சாயங்காலத்துல ரெண்டு வலை முடைஞ்சு தந்துட்டாங்க. கண்ணி அளவு அப்படி ஒரே சீரா இருக்கும். ஆறு வருஷம் மழை, வெயில் எல்லாம் பாத்துருச்சு, ஒரு எடத்துல கூட பிரியல. அத மாட்டுன அன்னைக்கு அந்த தாத்தா கிரவுண்டுக்கு வந்து, வலைக்கு பின்னால நின்னு, பேரன பந்து அடிக்க சொல்லி பாத்துட்டு போனாரு. ஊர்க்காரங்கள்ட்ட எப்பமும் காசாவே கேக்காதீங்க, அவங்க கைல உள்ள வேலைய கேளுங்க.

கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டுறோம், மாசம் ஒரு தடவ, பேனாவால எழுதி, வவுச்சர் நம்பரோட. மொத மாசம் ஒட்டுனப்போ ஆபீஸ்ல சில பேருக்கு புடிக்கல. இப்பம் யாராவது பந்துக்கு ஏன் காசுன்னு கேட்டா போர்ட காட்டுவேன்.

படிப்பு விஷயத்துல நாங்க செஞ்ச தப்பு, மேட்ச்சுக்கு போன நாளுக்கு ஆன் டியூட்டின்னு ஓ.டி. ஸ்லிப் குடுத்தா போதும்னு நெனச்சது. அட்டெண்டன்ஸ் வந்துரும், பாடம் வராதே. டோர்னமெண்டு பாதி நேரம் செமஸ்டர் பரீட்ச பக்கத்துலதான் வரும், இன்டர்னல் டெஸ்ட் தேதிய சீசன் தொடங்கும்போதே வாங்கி ஒட்டி வச்சுட்டு, மோதுற தேதிய முன்னாடியே எழுதிக் குடுத்து மாத்தி வாங்கணும், கடைசி நாள்ல போய் நின்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, அவங்களையும் கொற சொல்ல முடியாது. பிராக்டீஸ் முடிஞ்சு ஏழு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் கிளாஸ் எடுக்குறேன், அக்கவுண்டன்சி நானு, மேத்ஸுக்கு இன்னொரு சார். கடைசி பஸ் அதுக்கு பெறவுதான், அதனால புள்ளைங்க ஓடிப் போக மாட்டாங்க. ரெண்டு அரியருக்கு மேல இருந்தா மேட்ச்ல எறக்க மாட்டோம், இத சொன்னதுக்கு நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருத்தன ஒரு சீசன் வெளிய உக்கார வச்சோம், தோத்தோம், பரவால்ல, அவன் பாஸாயிட்டான்.

ஃபார்ம் 3. யுனிவர்சிட்டிக்காக இன்டர் யுனிவர்சிட்டி டோர்னமெண்டுல ஆடுன புள்ளைக்கு யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் பொறுப்புல உள்ளவங்க கையெழுத்து போட்டு குடுக்குறது இது. மத்திய அரசு வேலைல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பிக்க இந்த ஃபார்ம கேப்பாங்க. தமிழ்நாடு அரசு வேலைல ஸ்போர்ட்ஸ் கோட்டா 3 சதவீதம். சும்மா ஆடுனா போதுமா, மூணாவது எடத்துக்குள்ள வரணுமாங்கறது ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் வேற வேற, நோட்டிஃபிகேஷன ஒழுங்கா படிக்கணும். எங்க பேட்ச்ல ரெண்டு பேருக்கு அந்த பேப்பராலதான் வேல, இன்னும் மூணு பேரு அத வாங்கவே இல்ல, ஆடி முடிச்சு ஊருக்கு வந்துட்டாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு தேடுனா எந்த வருஷத்து டீம் லிஸ்ட்னு யாருக்கும் தெரியல. டோர்னமெண்டு முடிஞ்ச அதே மாசத்துல வாங்குங்க, ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண காலேஜ்ல ஃபைல் பண்ணுங்க.

அந்த மேடம் கேட்ட கேள்விக்கு 2019ல இருந்து பாதி பதில் உண்டு. பொம்பளப் புள்ளைங்க டீம் ஆரம்பிச்சோம், மொதல் வருஷம் பதினோரு பேரு சேரவே இல்ல, வாலிபால் புள்ளைங்கள கெஞ்சி கூட்டிட்டு வந்து எறக்குனோம். 2018ல தமிழ்நாடு பொண்ணுங்க டீம் கட்டாக்ல மணிப்பூர தோக்கடிச்சு மொத தடவ தேசிய சாம்பியன் ஆனாங்கல்லா, அந்த மேட்ச் வீடியோவ லேப்ல போட்டு காட்டுனோம், டீம நிறுத்துன காசுல வாங்குன அதே கம்ப்யூட்டர்லதான். இப்பம் பதினெட்டு பேரு இருக்காங்க. ஆனா காசு சரி பாதியா போகல, இருட்டுறதுக்கு முன்ன அவங்க வீட்டுக்கு போகணும்னு பிராக்டீஸ் நேரமும் கம்மி. அந்த மேடம் ரிட்டயர் ஆகும்போது, "பாதிதான் செஞ்சிருக்க, மறந்துராத"ன்னு சொல்லிட்டு போனாங்க. மறக்கல மேடம்.

அமெரிக்கால என்ன நடக்குதுன்னு சில பேரு இங்க கொண்டு வந்து பேசுறாங்க, அதனால ஒரு வார்த்த. எனக்க சித்தப்பா மகன் அலபாமால பர்மிங்காம்ல வேல பாக்கான். அங்க அரசு யுனிவர்சிட்டி ஒண்ணு, அலபாமா யுனிவர்சிட்டிக்க பர்மிங்காம் கேம்பஸ், 2014 டிசம்பர்ல செலவு தாங்கலன்னு ஃபுட்பால் டீம மூடுனாங்க. அது அவங்க ஃபுட்பால், முட்ட மாதிரி பந்து, கைல தூக்கிட்டு ஓடுறது. ஊரே கொதிச்சு, பழைய ஸ்டூடண்ட்ஸும் ஊர்க்காரங்களும் காசு போட்டு, 2015லயே முடிவ மாத்தி, 2017ல திரும்ப ஆடுனாங்க, 2018ல அவங்க லீக் சாம்பியனும் ஆனாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா அங்க பெரிய லெவல்ல ஒரு டீமுக்கு 85 ஸ்காலர்ஷிப் வரைக்கும் குடுத்துட்டு இருந்தாங்க, கோச்சுக்கு வருஷ சம்பளம் மில்லியன் டாலர் கணக்குல போகும், ஸ்டூடண்ட் ஃபீஸ்ல இருந்து அத எடுக்கலாமான்னு அங்க கேக்குறது அவங்களுக்கு நியாயமான கேள்வி. இங்க ஒரே பி.டி. சார் பந்துக்கும் கபடிக்கும் வாலிபாலுக்கும் ஸ்போர்ட்ஸ் டேக்கும் சேத்து ஓடுறாரு. அந்த கேள்விய அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம முட்டைக்கும் மட்டிப்பழத்துக்கும் மேல வைக்காதீங்க.

அதே மாதிரி சூசைராஜ் பேர சொல்லி டீம் கேக்குறதும் எனக்கு ஒப்பாது. இரவிபுத்தன்துறைல இருந்து போய் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே.ன்னு ஆடி, 2019-20ல ஐ.எஸ்.எல். ஜெயிச்ச டீம்ல இருந்த புள்ள, எங்க எட்டு ஊருக்கும் பெரும, அவன் ஆட்டம் டிவில வந்தா எங்க தெருவுல ஒரு சத்தம் கேக்காது. ஆனா அடுத்த சூசைராஜ் வருவான்னு சொல்லி யுனிவர்சிட்டில காசு கேட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு எங்கடா ஆளுன்னு கேப்பாங்க. அப்படி ஒருத்தன் எங்க இருந்தாலும் கிளப்புங்க தேடி வந்து எடுத்துக்கும். எனக்க கவல எல்லாம் எடுக்கப்படாம போற ரைட் பேக்குங்க மேலதான், அவனுக்கு டிகிரி முடியுற வரைக்கும் மூணு வருஷம் கரைல நிக்க ஒரு காரணம் வேணும்.

அதுவும் இப்பம் மணலே இல்ல. நான் ஆடுன எடத்த கடல் எடுத்துருச்சு, கடலரிப்ப தடுக்க தூண்டில் வளைவுக்கு போட்ட பாறாங்கல்லுதான் கெடக்கு, எங்க ஊர்ப் பசங்க இப்பம் ரோட்ல ஆடுறான், இல்லன்னா காசு குடுத்து டர்ஃப்ல ஒரு மணி நேரம். கடற்கரை புள்ளைக்கு காசு கேக்காத ஒரு முழு கிரவுண்டுன்னா அது ஸ்கூல்லயும் காலேஜ்லயும்தான் மிச்சம் இருக்கு. ஒருவேளை உங்க காலேஜ்ல கிரவுண்டும் இல்ல, பி.டி. போஸ்டும் காலியா கெடக்கு, பேருக்கு ஒரு டீம் காட்டணும்னு மட்டும் நடத்துறீங்கன்னா, அத நிறுத்துறதுதான் நல்லது, ஒரு பையன் முட்டாவது தப்பிக்கும். மொதல்ல அந்த போஸ்ட நிரப்பச் சொல்லி கேளுங்க.

லெஃப்ட் விங் பையன் இப்பமும் தொழிலுக்குத்தான் போறான். தடைக்காலத்துல வந்தா கிரவுண்டுக்கு வருவான், சின்னப் புள்ளைங்களுக்கு க்ராஸ் போட சொல்லிக்குடுப்பான், எங்க பி.டி. சாருக்கு அவன்தான் ஊர்ல ஆள் புடிச்சு தாறது. போன வருஷம் அவன் அனுப்புன நாலு பேருல மூணு பேரு செகண்ட் இயர் வந்துட்டாங்க.

இந்த வருஷத்து செலக்‌ஷன் ஜூன் மாசம் பூரா சனிக்கிழம காலைல நடக்கும், பையங்களுக்கும் பொண்ணுங்களுக்கும். நம்ம பக்கத்து புள்ளைங்க யாராவது பிளஸ் டூ முடிச்சிட்டு நின்னா மார்க் ஷீட்டும் டி.சி.யும் எடுத்துட்டு ஜூலை 31க்குள்ள வரச் சொல்லுங்க, கூட அம்மாவோ அப்பாவோ வந்தா நல்லது, பஸ் காசு கணக்கு அவங்கள்ட்டதான் பேசணும். பூட்ஸ் இல்லன்னு நிக்க வேண்டாம், ஸ்டோர் ரூம்ல ஆறுல இருந்து எட்டு வரைக்கும் கெடக்கு, சாக்ஸ் மட்டும் ரெண்டு ஜோடி கொண்டு வரட்டும்.